சத்தம் வேறு, குரல் வேறு!

அந்தப் பெண் என்.சி.சி-யில் சேர்ந்ததற்குக் காரணம் தேசபக்தி அல்ல, பூரி. சனிக்கிழமை பரேடு முடிந்ததும் காக்கி உடுப்புக்காரர்களுக்கு மட்டும் பூரியும் கிழங்கும் கொடுப்பார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். எட்டாம் வகுப்பில் ஆள் எடுத்தபோது உயரம் பார்த்தார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஓட்டத்தில் முன்னால் வந்துவிட்டாள். பெயரைக் கேட்டபோதுதான் சிக்கல். மூன்று தடவை சொல்லியும் டீச்சருக்குக் கேட்கவில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா. ‘தூள்’ படத்தில் வந்த அந்தக் கணீர்க் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஊரில், வாய்க்குள்ளேயே பேசுகிற பெண் இவள். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரே ‘ஊமைக்கொட்டான்’தான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். ராத்திரியெல்லாம் வேலை, பகலில் தூக்கம். ஒற்றை அறை வீடு. ‘அப்பா தூங்குறாரு, மெல்லப் பேசு’ என்பதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. வீட்டில் அடக்கிப் பழகிய குரல் வெளியிலும் வரவில்லை.

“பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி பூட்சும் தொப்பியும்? வெயில்ல நின்னு கருத்துப் போயிருவ!” என்று அப்பத்தா முதல் நாளே முணுமுணுத்தார்.

அப்பத்தாவுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. என்.சி.சி எனப்படும் தேசிய மாணவர் படை, 1948-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் உருவானது. ஹெச்.என்.குன்ஸ்ரு தலைமையிலான குழு அதற்கு முன்பே இதற்கான பரிந்துரையைத் தந்திருந்தது. அடுத்த ஆண்டே, 1949-ல், பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. ஆக, பெண் பிள்ளைகள் இந்தக் காக்கியைப் போட ஆரம்பித்து எழுபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது.

உங்கள் வீட்டுத் தாத்தா ஒருவேளை, “எங்க காலத்துல காலேஜ்ல என்.சி.சி கட்டாயம்” என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரிகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் மறுபடி விருப்பப்பட்டவர்களுக்கு என்று மாற்றினார்கள். இன்றும் அப்படித்தான். சேர்ந்தவர்கள் ராணுவத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. பல பெற்றோருக்கு இருக்கும் பயமே அதுதான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் முழுக்க அவளுக்கு வரிசையில் நிற்கிற வேலைதான். பெல்ட் பக்கிளை பிராஸோ போட்டுத் தேய்ப்பது, ஷூவில் முகம் தெரியப் பாலிஷ் போடுவது, வலது பக்கம் திரும்பிப் பார்த்து வரிசையைச் சரிசெய்வது. இதற்கெல்லாம் குரல் தேவைப்படவில்லை. நேரம் தவறாமல் வந்தாள். பூரியும் தவறாமல் கிடைத்தது.

இரண்டாம் வருடம் பத்து நாள் முகாம் வந்தது. சொந்தக்காரர் வீடு தவிர வேறெங்கும் அவள் ராத்தங்கியதில்லை. சம்மதக் கடிதம் நான்கு நாட்கள் சாமி படத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. என்.சி.சி டீச்சர் வீட்டுக்கே வந்து, “நானும் பிள்ளைகளோடதாம்மா தங்குறேன்” என்று சொன்ன பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

முகாமின் மூன்றாம் நாள், ஒவ்வொருவராக முன்னால் வந்து அணியை நடத்தச் சொன்னார்கள். அவள் முறை வந்தது. வயிற்றைப் பிசைய, இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, “தைனேமுட்!” என்று ஒரே மூச்சில் கத்தினாள். பாதிப் பேர் வலது பக்கம் திரும்பினார்கள். பாதிப் பேர் திருதிருவென்று விழித்தார்கள். ஒருத்தி இடது பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்தவளின் மூக்கில் இடித்தாள். மைதானமே சிரித்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “சத்தம் பத்தலைன்னு நினைக்கிறியா? சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. நீ இடைவெளி விடல.”

டிரில்லில் பெரும்பாலான ஆணைகளுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ‘தைனே...’ என்பது முன்னறிவிப்பு. வலது பக்கம் ஏதோ நடக்கப்போகிறது என்று அது சொல்கிறது. அதை நீட்டிச் சொல்ல வேண்டும். ‘முட்!’ என்பதுதான் செயல். அதை வெட்டினாற்போலச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் எதிரே நிற்கும் அத்தனை பேரும் மனதுக்குள் தயாராகிறார்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு கத்தினாலும் அணி சேர்ந்து திரும்பாது.

“முதல் சொல்லை அவங்களுக்காகச் சொல்லணும். அவங்க தயாராயிட்டாங்களான்னு பார்த்துட்டுத்தான் ரெண்டாவது சொல்லு” என்றார் டீச்சர்.

துப்பாக்கி சுடும் பயிற்சியிலும் அதேதான். பாயின்ட் டூ டூ ரைஃபிளோடு தரையில் படுத்து, மூச்சை விட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விசையை மெல்ல அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் குண்டு எங்கேயோ போகும்.

முகாமின் கடைசி நாட்களில் வரிசையில் நின்றிருந்த ஒரு சிறுமி மயங்கிச் சரிந்தாள். காலையில் சாப்பிடவில்லை, கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலை விறைத்தபடி நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறையும். ஷூவுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தால், கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்தினால், ரத்தம் மேலே ஏறும். இதை டீச்சர் அன்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

நம் ஆளுக்கு மட்டும் வேறொன்றும் உறைத்தது. விழுந்தவள் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மறுநாளிலிருந்து பரேடு தொடங்கும் முன் வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் போய், “சாப்பிட்டியா? தண்ணி குடிச்சியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. முகாம் முடிந்து பள்ளி திரும்பியதும் அவள் தோளுக்கு லான்ஸ் கார்ப்பரல் பட்டை வந்தது. ‘ஊமைக்கொட்டான்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை என்பதையே அவள் சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தாள்.

இரண்டு வருடப் பயிற்சி, முகாம், தேர்வு எல்லாம் முடிந்து ‘ஏ’ சான்றிதழ் கைக்கு வந்தது. ஆனால் உண்மையான சோதனை பத்தாம் வகுப்பு முடிந்தபோது வந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி. மூட்டை தூக்குவது குறைந்தது, வட்டி ஏறியது. “ரெண்டு வருஷம் மில்லு வேலைக்குப் போகட்டும். அப்புறம் படிக்கலாம்” என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவிலேயே இரண்டு அக்காக்கள் அப்படிப் போனவர்கள்தான்.

பழைய பெண்ணாக இருந்தால் பாயில் படுத்து அழுதிருப்பாள். இல்லையென்றால் அப்பா தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது கத்தியிருப்பாள். அவள் இரண்டையும் செய்யவில்லை. வியாழக்கிழமை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, “அப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்ககிட்ட ஒண்ணு பேசணும். படிப்பைப் பத்தி” என்றாள். அவ்வளவுதான். மூன்று நாட்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு உட்கார்ந்தாள். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தால் கைச்செலவு எவ்வளவு, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் எவ்வளவு வரும் என்று எழுதியிருந்தாள். கல்லூரியில் என்.சி.சி தொடர்ந்தால் ‘பி’, ‘சி’ சான்றிதழ்கள் வாங்கலாம். ‘சி’ சான்றிதழும் பட்டமும் இருந்தால், ராணுவ அதிகாரித் தேர்வில் என்.சி.சி-க்கென்று இருக்கும் தனி வழியில் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். அதையும் எழுதியிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அப்பத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். “கணக்கெல்லாம் சரியாத்தானடா வச்சிருக்கா. சேத்து விட்டுரு.”

இப்போது அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சாயங்காலம் வீட்டு வாசலில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன். கடன் இன்னும் தீரவில்லை. மில் பேச்சும் அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்கிறது. ஆனால், ஒரு மாற்றம் உண்டு. வீட்டில் பெரிய விஷயம் எதையாவது பேச வேண்டியிருந்தால், இப்போதெல்லாம் அப்பாவே முதல் நாள் சொல்லி வைக்கிறார்:

“நாளைக்கு ஒண்ணு பேசணும் பாப்பா. யோசிச்சு வை.”