கர்ணன் கொடுத்த எலக்ட்ரான்

கடையநல்லூரில் வீட்டு மாடியில் வேதியியல் டியூஷன் நடத்துகிறேன். பல வருஷமாக ஒரு தப்பைச் சொல்லிக்கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறேன்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அயனிப் பிணைப்பு என்றால் எனக்குத் தனிக் குஷி. போர்டில் சோடியத்துக்குச் சிரித்த முகமும் கிரீடமும் வரைவேன். "இவன் கர்ணன். வெளிக்கூட்டுல இருக்கிற ஒத்தை எலக்ட்ரானைக் கேக்கும் முன்னேயே கொடுத்திருவான். கொடுத்துட்டா நியான் மாதிரி நிம்மதி." குளோரின் வாசலில் கையேந்தி நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன், முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஆசையாக் கொடுக்கிறவன்கிட்ட பிடுங்குறதுக்கு 496 கிலோஜூல் எதுக்கு சார்?"

ஒரு மோல் சோடியத்தின், அதாவது வெறும் 23 கிராமின், அயனியாக்கும் ஆற்றல் அது. மனப்பாடம் செய்யச் சொன்னதே நான்தான். பதில் வரவில்லை. "மார்க்குக்கு வேண்டியதைப் படிம்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளோரின் எலக்ட்ரானை வாங்கும்போது திரும்பி வருவது 349தான். 147 துண்டு விழுகிறது. சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகிற செலவு தனி. இத்தனையையும் அடைப்பது, நேரயனியும் எதிரயனியும் ஒன்றையொன்று இழுத்து உப்புப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் 787. அது இல்லையென்றால் கர்ணன் சல்லிக்காசு தரமாட்டான். மக்னீசியம் பொல்லாதது, இரண்டாவது எலக்ட்ரானுக்கு மட்டும் 1451 கேட்கும். அதையும் ஆக்சிஜனோடு அது கட்டும் படிகம்தான் ஈடுகட்டுகிறது.

1919இலேயே மாக்ஸ் போர்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் போட்ட கணக்கு இது. அவர்கள் பேரிலுள்ள சுழற்சியை வெப்ப இயக்கவியல் பாடத்தில் வருஷாவருஷம் நடத்துகிறவனும் நான்தான். அந்தப் பாடத்தில் கணக்கு, இந்தப் பாடத்தில் கர்ணன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

விளக்குவதற்கு இதைவிடத் தோதான ஊரும் கிடையாது. விசாவுக்குக் கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. முதலில் கைக்காசு போகும், வரவு அப்புறம். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் அப்படிப் போனவர்தான். ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பாள். மறுநாள் சொல்லியிருக்கலாம். சாருக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அடுத்த செட்டுக்கும் அதே கிரீடம், அதற்கடுத்த செட்டுக்கும்.

இந்த வருஷம் அவள் தம்பி சேர்ந்திருக்கிறான். போன வாரம் துணிந்து, கிரீடம் இல்லாமல், விசாக் கடனிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், அக்கா சொன்ன கர்ணன் கதையைச் சொல்லுங்க சார்."

மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் சாக்பீஸை எடுத்துக் கிரீடம் வரைந்தேன்.