அரிஸ்டாட்டிலிடம் ஒரு வினா

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நிகழ்ந்த வடிவமைப்பு மாநாட்டில், ஆப்பிள் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் ஏக்கத்தை வெளியிட்டார். அரிஸ்டாட்டிலை நூல்வழி நேரே கற்கலாம். ஆயின் அவரிடம் ஐயம் வினவ இயலாதே! அத்தகைய அறிஞரின் உலகநோக்கை உட்கொண்ட பொறி ஒருநாள் விடையிறுக்கும் எனக் கனவு கண்டார்.

2011இல் அவர் மறைந்தார். 2022இல் சாட்ஜிபிடி வந்தது. எண்ணற்றோர் எழுத்தில் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் தொடுப்பது அது. ஜாப்ஸ் விழைந்ததோ ஒரு மனிதரின் நோக்கு. இன்றிருப்பின், ‘இக்குரல் யாருடையது?’ என்றே முதலில் வினவியிருப்பார் எனக் கருதுகிறோம்.

மாணாக்கர் தரும் பிழையற்ற கட்டுரைகளைத் திருத்துகையில் நாமும் அதையே வினவுகிறோம். அதற்குப் பொறி விடைகூறாது, மாணாக்கரே கூறவேண்டும்.