ஜூலியின் காலைக் கெடுத்தது நான்தான்

எங்கள் ஜூலியின் வலது பின்னங்கால் சூம்பிப்போனதற்கு நோய் காரணமில்லை, ஆபரேஷன் செய்த டாக்டரும் காரணமில்லை. நான்தான் காரணம். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "ஆபரேஷன் சரியா அமையல" என்று சொல்லிவந்தேன். அதை நம்பிய தெரிந்தவர் ஒருவர், அடிபட்ட தன் பூனைக்கு அதே ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேரில் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

ஜூலி பொமரேனியன். ஒரு வயது நிறைவதற்குள் காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். எக்ஸ்ரேயில், உருண்டையாக இருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை அரித்துத் தட்டையாகியிருந்தது. லெக்-கால்வே-பெர்த்தஸ் நோய் என்றார் டாக்டர். ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பின் தலை செத்து நொறுங்குவதுதான் இந்த நோய். சிறிய இன நாய்களுக்குக் குட்டிப் பருவத்திலேயே வரும்.

கெட்டுப்போன தலையையும் அதைத் தாங்கும் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவதுதான் வழக்கமான சிகிச்சை. இதில் செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, சுற்றியுள்ள தசைகள் தாங்கிப் பிடிக்க, எலும்போடு எலும்பு உரசாத ஒரு பொய் மூட்டு தானாக உருவாகும். மனிதர்களுக்கு இதைப் போன்ற ஆபரேஷனை இங்கிலாந்து அறுவை மருத்துவர் கேர்டில்ஸ்டோன் 1920களில் இடுப்பு மூட்டுக் காசநோய்க்குச் செய்தார். இரண்டு காலில் நிற்கும் மனிதருக்கு அதன்பின் நொண்டல் தங்கிவிடும். பூனைக்கும் சிறிய நாய்க்கும் எடை குறைவு, பாரமும் நான்கு காலில் பிரிகிறது. அதனால் பெரும்பாலும் நன்றாக ஓடியாடுகின்றன.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதற்கு இது நேர்மாறு. அசையாவிட்டால் தழும்பு இறுகி, காலையும் இறுக்கிவிடும். வலி மருந்து கொடுத்து, காலை மெல்ல முன்னும் பின்னும் நீட்டி மடக்க வேண்டும். கயிறு கட்டி மெதுவாக நடத்த வேண்டும். மெதுவாகப் போனால்தான் காலை ஊன்றும். வேகமாக விட்டால் மூன்று காலிலேயே ஓடிவிடும். டாக்டர் இதையெல்லாம் எனக்குச் செய்தே காட்டினார்.

ஜூலிக்கு ஆபரேஷன் முடிந்து, வீட்டில் முதல் தடவை காலைப் பின்னால் நீட்டியபோது ஜூலி வீறிட்டாள். கழுத்தைத் திருப்பி என் மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். கடிக்கவில்லை. கவ்வியபடியே என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். "வாயில்லா ஜீவன், பாவம், விட்டுடு" என்றார் அம்மா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு ஜூலியைத் தரையில் விடவே இல்லை. ஒன்றுக்குப் போகக்கூடத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறுபரிசோதனையில், "பயிற்சி நடக்குதா?" என்று டாக்டர் கேட்டார். "தினமும் செய்யறேன் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தொடைகளையும் டேப் வைத்து அளந்தார். வலது தொடையில் சதை வற்றியிருந்தது. "வலிக்குதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா மருந்தை மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அவள் வலியைக் குறைக்க நான் எதுவுமே செய்யவில்லை. அவள் அழுவதைக் கேட்கிற வேதனையிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அதை இரக்கம் என்று நம்பினேன். பிறகு விடாமல் பயிற்சி கொடுத்ததில் இப்போது காலை ஊன்றுகிறாள். ஆனால் அது முழுதாகப் பின்னால் நீளுவதில்லை. படி ஏற வேண்டுமென்றால் கீழே நின்று என்னைக் கூப்பிடுகிறாள்.

உங்கள் பூனைக்கோ நாய்க்கோ இந்த ஆபரேஷனை டாக்டர் சொன்னால், ஜூலியைக் காட்டி மறுக்காதீர்கள். யார் பயிற்சி கொடுப்பது என்பதை முன்பே வீட்டில் முடிவு செய்யுங்கள். எடை கூட விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். பயிற்சியின்போது அழுதால் உடனே டாக்டருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்களாகப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.