காலேஜ் வாசல் வரைக்கும் கூட வருவது யார்?

கடந்த மே மாதம் ராயப்பன்பட்டியில் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் லீவு. லேப்டாப்பைத் தொடவே கூடாது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். போய் இறங்கிய அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண் செல்போனோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, காலேஜ் அப்ளிகேஷன். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான். கையில் ஒரு நோட்டுப் பேப்பரும் வைத்திருந்தாள். எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், கடைசித் தேதி என்ன என்று வரிசையாக எழுதியிருந்தது.

"யார் எழுதிக் குடுத்தது?"

"ஸ்கூல்ல சிஸ்டர்தான்க்கா."

அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பதினேழு வயதில் என் கையில் அப்படி ஒரு பேப்பர் இருந்ததில்லை.

நான் படித்தது வேறு ஊரில். ப்ளஸ் டூவில் நல்ல மார்க்தான். மார்க் ஷீட் கைக்கு வந்த பிறகுதான் காலேஜுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. போய் நின்றபோது, "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா" என்றார்கள். ஒரு வருஷம் செல்போன் கடையில் வேலை பார்த்தேன். அப்புறம்தான் ஜர்னலிசம் டிப்ளமோ. டிப்ளமோ படித்ததில் வருத்தம் இல்லை. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தாத்தா காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போதெல்லாம் பள்ளிப் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு சரி. அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் படிக்க, காலேஜில் சேர்ந்து பி.யூ.சி. ஒரு வருஷம் முடிக்க வேண்டும். பக்கத்தில் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-லேயே வந்துவிட்டது. எட்டிப் போகும் தூரம்தான். தாத்தா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஆனாலும் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஏன் தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பெரிய வீட்டுப் பிள்ளைக போற இடம்னு நெனச்சேன்த்தா. வாடான்னு ஒருத்தர் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்."

1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது. பி.யூ.சி. போய், காலேஜுக்கு முந்தைய இரண்டு வருஷமும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மேல்நிலைப் பள்ளி ஆயின. பலகையில் மாறியது ஒரு வார்த்தைதான். ஆனால், பிள்ளைகளைக் காலேஜுக்குத் தயார் செய்து அனுப்பும் வேலை அன்றிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது. ராயப்பன்பட்டி மாதிரி கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றியே வாழும் கத்தோலிக்க ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சித்தியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அம்மா மூத்தவள். பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். சித்திக்கும் அதேதான் நடந்திருக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அவள் டீச்சரான சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கே வந்திருக்கிறார். தாத்தாவிடம் கையெழுத்து வாங்கி, பெரியகுளத்தில் 1971 முதல் நடக்கும் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரிக்குத் தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினாராம். பீஸுக்குத் தாத்தா ஒரு கணக்கு வைத்திருந்தார். பன்னீர் திராட்சைக்குக் கவாத்து வெட்டினால் ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். சித்திக்குப் பீஸ் கட்டும் மாதத்தைப் பார்த்துக் கவாத்து வெட்டுவார்.

சித்தி இன்று டீச்சர். 'அப்படியானால் உனக்கு ஏன் அவர் சொல்லவில்லை?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "எல்லாம் உன் ஸ்கூல்லயே சொல்லிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்டி" என்றாள். அவளுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைத்திருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவம்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே கத்தோலிக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 1996-ல் சிகாகோவில் இயேசு சபைக் குருக்கள் கிறிஸ்டோ ரே என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். மெக்சிகோவில் இருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக. பீஸ் கட்ட வழியில்லை என்பதால், நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆபீஸ் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒருவருக்கு மாதம் ஐந்து நாள். அந்தச் சம்பளம் பீஸுக்குப் போகும். அதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் கவாத்துக் கணக்குதான் ஞாபகம் வந்தது.

மறுபடி திண்ணைக்கு வருகிறேன். அப்ளிகேஷனில் பாதி நிரப்பியிருந்தோம். அவள் அப்பா வேலை முடிந்து வந்தார்.

"படிக்கட்டும்மா, வேணாங்கல. பஸ்ஸுக்கு, புக்குக்கு மாசாமாசம் எங்கிட்டுப் போக? கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆயிரம் ரூவா தர்றாக. இது சாமியார் ஸ்கூலு. நமக்குக் கெடையாதே."

அவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பர் 30-ல் அதை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். இவள் ஆறாவதில் இருந்தே உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம்.

"உங்க பொண்ணுக்கும் உண்டு மாமா. காலேஜ்ல சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, "நெசமாவா?" என்றார். செல்போனில் எடுத்துக் காட்டினேன். மகளிடம், "எழுதுத்தா" என்று மட்டும் சொன்னார்.

உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரி, பி.காம். தாத்தா போகாமல் விட்ட அதே காலேஜ். மாதா கோயில் தெருவில் இருந்து, ஒரு ராவுத்தர் கட்டிய கல்லூரிக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் ஆபீஸில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அட்மிஷன் ரசீது. கீழே, "தேங்க்ஸ்க்கா. எங்க தெருவுல பத்தாவது படிக்கிற ரெண்டு பேருக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

பள்ளிக்கூடம் வழி சொல்லிக்கொடுக்கும். கடைசி நாலு எட்டுக்கு யாராவது ஒருவர் கூட நடக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவிலும் ப்ளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை இருக்கும். அடுத்த மே மாதம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்... "அப்ளிகேஷன் போட்டுட்டியாப்பா?"