ஒழுகாத கூரை

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்னும் பழமொழியைச் சொல்லாமல் எவரும் எங்கள் வீடு கட்டிய கதையைக் கேட்டதில்லை. அப்பழமொழி பெரும்பாலும் பணச் செலவைக் குறித்ததாகவே பொருள் கொள்ளப்படுகிறது. செலவு உண்மைதான், அதையும் கீழே சொல்கிறோம். ஆயினும் அதைவிட முதன்மையான ஒன்றை இவ்வீடு எங்களுக்குக் காட்டியது. சிறிய வீடு போதும் என்று விரும்பிக் கட்டுவதும், சிறிய வீட்டிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்வதும் ஒன்றல்ல. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கல்லூரிப் பணியின் பொருட்டு இருபது ஆண்டுகளாக நகரத்து வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் நாங்கள். தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அப்பாவின் பங்காக வந்த 6 சென்ட் மனை இருந்தது. அதில் நின்ற பழைய வீடு சரிந்து மண்மேடாகிவிட்டது. அவ்விடத்தில் 480 சதுர அடியில் ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, குளியலறை, முன்புறம் ஒரு திண்ணை என்று திட்டமிட்டோம். அம்மா அங்கேயே இருப்பார்கள். நாங்கள் விடுமுறைகளில் வருவோம், ஓய்வு பெற்றபின் நிலையாகத் தங்குவோம் என்பது எண்ணம்.

2022ஆம் ஆண்டு தை மாதம் முளைக்குச்சி அடித்து நூல் பிடித்தார் கொத்தனார். தமிழ் படித்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இயலாது. நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் வல்லுநர்கள் உச்சிப் பொழுதில் கோல் நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து மனை வகுக்கும் செய்தி வருகிறது. நன்னூலின் பாயிரமோ, தச்சனின் நூல் மரத்தின் கோணலைப் போக்குவது போல, கற்கும் நூல் மனிதமனத்தின் கோணலைப் போக்கும் என்று உவமை சொல்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய உவமைதான். ஆனால் கொத்தனாரின் நைலான் கயிறு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விறைத்து நின்றதைக் கண்டபோதுதான், பவணந்தியார் எத்தனை பட்டறைகளின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார் என்று தோன்றியது.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு என்று முடிவு செய்திருந்தோம். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்தைத் தம் மண்ணாக்கிக்கொண்டு, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை அது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். சுவரின் நடுவில் சிறு சிறு வெற்றிடங்கள் உண்டாகும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். "சுவத்துக்குள்ள பொந்து வச்சா பாம்பு வந்து குடியிருக்கும் சார்" என்றார் கொத்தனார். அடி வரிசையும் மேல் வரிசையும் வெற்றிடமின்றிக் கெட்டியாக வரும் என்று படம் வரைந்து விளக்கினோம். அரைமனத்தோடு தொடங்கியவர் மூன்றாம் நாள் தாமே பிறருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

கூரையில்தான் சிக்கல் வந்தது. நாங்கள் ஓட்டுக் கூரை என்றோம். அம்மா தட்டட்டி என்றார்கள். மொட்டைமாடியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஆனி ஆடி மாதங்களில் சாரலைப் பக்கவாட்டில் வீசி அடிக்கும் ஊர் இது. சரிந்த கூரையும் நீண்ட இறவாணமும் இம்மண்ணுக்கு ஏற்றவை என்பது எங்கள் வாதம். "வருசா வருசம் ஓடு மாத்த யாரு ஏறுவா? கொரங்கு ஒடைச்சா யாரு பாப்பா? வத்தல் காயப்போட எடமில்லாத வீட்ல நான் என்னத்துக்கு இருக்கணும்?" என்பது அம்மாவின் வாதம். ஊரிலும் இதே பேச்சுதான். இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு யாராவது ஓட்டு வீடு கட்டுவார்களா என்று நேரிலேயே கேட்டார்கள்.

மரபு என்று நாங்கள் வாதாடிய ஓடும் அவ்வளவு பழையதன்று. ஊரில் அதற்குச் சீமை ஓடு என்று பெயர்; பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து பரவியது அது. அதற்கு முன் இருந்தவை குயவர் வனைந்த நாட்டோடுகளும் பனையோலையும். நூறாண்டு பழகினால் அயல் பொருளும் மரபாகிவிடும் என்றால், இன்று காங்கிரீட்டை விரும்புபவர்களை மரபு அறியாதவர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

எங்கள் கூரைக்கு 800 ஓடுகள் தேவைப்பட்டன. பழைய ஓடு ஒன்றுக்கு 12 ரூபாய் என்று விலை பேசினோம். அவற்றுள் 300 ஓடுகள் எங்கள் வேலையிலேயே சித்தாளாக இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் இருந்து வந்தவை. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் அவருக்குக் காங்கிரீட் வீடு அனுமதியாகியிருந்தது. பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் இருந்து ஓடு இறங்கியபோது அவரே தலையில் சுமந்து வந்து அடுக்கினார். அடுக்கிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்டு ஓட்டையா சார் வாங்குதிய? அது ஒழுவும் சார்."

அன்றிரவு தோரோவின் வால்டன் நினைவுக்கு வந்தது. எளிய வாழ்வைப் பேசுபவர்கள் அனைவரும் மேற்கோள் காட்டும் நூல். வால்டன் குளக்கரையில் 10 அடிக்கு 15 அடி அளவில் தாமே கட்டிய குடிலுக்கு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் செலவானதாக அதில் கணக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு புகழ்பெற்றது. குடிலின் பலகைகள் எங்கிருந்து வந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ரயில்பாதை வேலை செய்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை அவை. மறுநாள் விடியற்காலையில் அக்குடும்பம் தன் உடைமைகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வழியில் எதிர்ப்பட்டதையும் தோரோ மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒருவர் எளிமையைத் தேடிக் குடிபுகுந்தார். இன்னொருவர் அதே பலகைகளை விட்டு வெளியேறினார். எங்கள் மூதாட்டி வெளியேறியது நல்லதொரு வீட்டுக்குத்தான் என்பது எங்களுக்கு ஆறுதல். எனினும் அவருக்குக் கிடைத்த வீடு, திட்டத்தின் குறைந்த அளவான 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. நாங்கள் "சிறிய வீடு" என்று சொல்லிக்கொண்டது 480.

அவருடைய ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, தட்டிப் பார்த்து, ஓசை சரியாக இருந்தவற்றைப் பிரித்தார் ஆசாரி. 300இல் கழிந்தவை 20கூட இல்லை. ஓட்டில் பழுதில்லை என்றார். ரீப்பரும் கைமரமும் கறையான் அரித்துத் தொய்ந்தால் ஓடுகளின் பிடிப்பு விலகும், அந்த இடைவெளியில் நீர் இறங்கும் என்று விளக்கினார். மரம் மாற்றப் பணமில்லாத வீடுதான் ஒழுகியது. அதே ஓடுகள் புதிய மரத்தின் மேல் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு சொட்டு விடவில்லை.

அதன்பின் நாங்கள் அம்மாவிடம் வாதாடவில்லை. அடுக்களைக்கும் குளியலறைக்கும் மேலே 140 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போட்டு, வெளிப்புறம் படிக்கட்டு வைத்தோம். மீதிக்கு ஓடு. வைகாசி முடியுமுன் கூரை ஏறிவிட்டது. ஊரார் வீடு முடிந்தது என்று சொன்னார்கள். முடியவில்லை.

வீடு கட்ட நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். மதிப்பிட்டது 9 லட்சம். கூரை ஏறும்வரை ஆனது 5 லட்சத்து 20 ஆயிரம். அதற்குமேல் பூச்சு, தரை, கதவு, மின்கம்பி, குழாய், கழிவுநீர்த் தொட்டி என்று ஆனது 6 லட்சத்து 40 ஆயிரம். சுவர் எழும்புவது கண்ணுக்குத் தெரியும்; ஒரு தாழ்ப்பாளுக்காக நான்கு முறை தென்காசிக்குப் போவது தெரியாது. தோரோவும் 1845 ஜூலை 4 அன்று குடிபுகுந்தபோது குடிலில் பூச்சும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. குளிர் வந்தபின்தான் பூசினார்.

உட்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டுமென்றோம். சிமெண்ட் நீரோடு சேர்ந்து சில நாட்களில் இறுகிவிடும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் இறுகும். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுக் குழைக்க வேண்டும். அந்த வேலை அறிந்த ஒரே ஒருவர்தான் சுற்று வட்டாரத்தில் கிடைத்தார், எழுபதைக் கடந்தவர். கூடத்துச் சுவரைத் தேய்த்து வழவழப்பாக்க அவருக்குப் பதினொரு நாள் பிடித்தது. மகன்கள் இருவரும் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள், அதில் கூலி அதிகம் என்றார். அவர் குரலில் வருத்தமில்லை. வருத்தம் எங்களுக்குத்தான் இருந்தது; அதற்கு நாங்கள் கூலி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2023 தை மாதம் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். அம்மா தட்டட்டியில் வடகமும் மிளகாயும் காயப்போடுகிறார்கள். சாரலுக்கு முன் ஆசாரி வந்து உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டுப் போகிறார். கொல்லைச் சுற்றுச்சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது.

சித்தாள் வேலைக்கு வந்த மூதாட்டி இப்போது அம்மாவுக்குப் பேச்சுத்துணை. சித்திரை வெயிலில் அவர் வீட்டுத் தளம் பகலெல்லாம் சூடேறி இரவிலும் அனல் விடுகிறது. நாங்கள் கற்ற பாடத்தை மறக்காமல், ஓட்டுக்கு இந்த வெக்கை இராது என்று ஒருநாள் சொல்லிவைத்தோம். அவர் சிரித்தார். "வெக்கைன்னா வெளிய வந்து படுத்துக்கிடலாம் சார். ஒழுவுனா எங்க போய்ப் படுக்க?"

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கம் சொல்லிப் பழகிய எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. அம்மா அவருக்குக் காப்பி போட உள்ளே போனார்கள்.