மழையின் அளவு

எந்தையார் மழையிரவுகளில் உறங்குவதில்லை. கார்த்திகைத் திங்களில் வானம் இடைவிடாது பொழியுங்கால், திண்ணையில் அமர்ந்து, முற்றத்து அண்டாவில் நீர் ஏறுவதையே நோக்கிக் கொண்டிருப்பார். இளமையில் அதனை ஒரு பழக்கம் என்றே எண்ணினேன். காரணத்தைப் பின்னரே அறிந்தேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பொழுது புலருமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அருகில் மருதையாற்றில் வீழ்ந்தது. பெருவெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் இரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரியார் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். இது நாடறிந்த செய்தி. எங்கள் ஊர் அவ்வாற்றுக்கு இரண்டு கல் தொலைவில் உள்ளது. செய்தி கேட்டு ஓடிய இளைஞருள் எந்தையாரும் ஒருவர். அங்குக் கண்டவற்றை அவர் எங்களிடம் கூறியதே இல்லை. ஒன்று மட்டும் கூறுவார்: "அன்றிரவு மழை பெய்தது ஊரார் எல்லார்க்கும் தெரியும். எவ்வளவு பெய்தது என்பது எங்கள் ஊரில் ஒருவர்க்கும் தெரியாது."

யான் தமிழ் கற்றவன். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்பது வான்சிறப்பு. அதனைப் பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தேன். மழையின் பெருமையை ஒரு நாழிகை நிறுத்தாமல் பேச வல்லேன். எனினும் எந்தையாரின் சொல்லில் அடங்கிய பொருளை எனக்கு விளங்கச் செய்தவள் ஒரு மாணவியே.

2011ஆம் ஆண்டில், பெரம்பலூரை அடுத்த ஒரு பள்ளியில் யான் பணியாற்றியபோது, பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றவள் அவள். அவள் தந்தையார் கரிசல் நிலத்தில் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடுபவர். வானம் பார்த்த பூமி அது. ஒருநாள் மாலை அவள் என்னிடம் வந்து, "ஐயா, மழையைப் பற்றியே படிக்கும் படிப்பு ஒன்று உண்டாமே; அதற்கு எங்கே செல்ல வேண்டும்?" என்று வினவினாள்.

யான் நகைத்தேன். "மழையைப் படிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு, அம்மா? மார்கழியில் மேகங்களின் கருவோட்டம் பார்த்து மறு ஆண்டு மழையை உரைக்கும் முதியவர் உங்கள் ஊரிலேயே இருப்பரே! ஆசிரியர் பயிற்சிக்குச் செல், வீட்டுக்கும் உதவியாகும்" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. என் சொல்லைக் கேட்கவும் இல்லை. அதுவே நல்லதாயிற்று.

திருச்சிராப்பள்ளியில் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் முதுநிலை வகுப்பிற் சேர்ந்தாள். விசாகப்பட்டினத்தில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. பயிர்த்தொழிலோடு இயைத்துக் கற்க விழைவோர்க்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியல் உண்டு. அவள் கேட்ட அன்றே யான் இவற்றை அறிந்து கூறியிருத்தல் வேண்டும்.

முதல் விடுமுறையில் அவள் தன் குறிப்பேட்டுடன் என்னைக் காண வந்தாள். மேகங்களின் படங்கள் இருக்குமென்று கருதித் திறந்தேன். ஏடு முழுதும் கணக்கு! என் திகைப்பைக் கண்டு அவள் எளிய சொற்களால் விளக்கினாள். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். ஆதலின், மேலெழும் காற்று விரியும். விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடும். நீராவி துளியாகாத வரையில், ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 பாகை குளிரும். குளிரக் குளிர நீராவி துளியாகும். துளியாகுங்கால் அது தன்னுள் அடக்கியிருந்த வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் காற்றை இன்னும் மேலே செலுத்தும். வங்கக் கடலிற் புயல் வலுப்பெறுவதும் இவ்வாற்றலாலேயே என்றாள்.

வானிலையாளர் பறக்கவிடும் பலூனைப் பற்றியும் கூறினாள். உலகெங்கும் பல நூறு இடங்களிலிருந்து, நம் நாட்டு நேரப்படி காலை 5.30 மணி, மாலை 5.30 மணி அளவைகளுக்காகப் பலூன்கள் மேலே செல்கின்றன. நமக்கு அணித்தே காரைக்காலிலும் அவ்வாறு விடுகின்றனர். வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை உணரும் சிறு கருவியைச் சுமந்து, முப்பது கிலோமீட்டர் வரையும் ஏறி, அங்கே விரிந்து வெடித்து வீழும். ஒரு பகைமையும் பாராமல் நாடுகள் அவ்வளவுகளைத் தமக்குள் பகிர்ந்து கொள்கின்றன. மண்ணிற் பிரிந்து நிற்போர் விண்ணில் ஒன்றுபடுதல் வியப்பே!

என்னை மிகவும் ஈர்த்தவை அவர்கள் ஆளும் சொற்களாகும். 'கனமழை' என்பதனை யாம் வாய்க்கு வந்தபடி வழங்குகிறோம். வானிலையாளர்க்கு அது வரையறை உடையது. ஒருநாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டால் அதி கனமழை. 2.5 மில்லிமீட்டரேனும் பெய்யாத நாள் மழைநாள் ஆகாது. ஐகாரம் குறுகினால் எத்தனை மாத்திரை என்று மாணவரை வருத்திய யான், இச்சொற்களின் முன் தலை தாழ்ந்தேன்.

அவள் தன் மேசைமேல் அன்னா மாணி அம்மையாரின் படத்தை வைத்திருந்தாள். 1918இல் பீருமேட்டிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தவர் அவர். இலண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார். கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். பிழையான அளவினும் அளவே இன்மை நன்று என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின் கடுமையை என் மாணவி தன் வீட்டிலேயே உணர நேர்ந்தது. ஓராண்டு, அறுவடை செய்த வெங்காயம் களத்தில் உலர்ந்து கொண்டிருந்தது. மறுநாள் மழை வருமா என்று தந்தையார் தொலைபேசியில் வினவினார். வருவதற்கே வாய்ப்பு மிகுதி என்றாள் அவள். அவர் கூலியாள் வைத்து, இரவோடிரவாக வெங்காயம் முழுவதையும் கொட்டகைக்கு மாற்றினார். மழை பக்கத்து ஊரிற் பெய்தது; அவர் களத்தில் ஒரு துளியும் இல்லை. கூலி வீணாயிற்று. ஊரார் நகைத்தனர். தந்தையார் சினக்கவில்லை, "எங்கே பிழைத்தது, அம்மா?" என்று மட்டும் கேட்டார். இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது, அது எக்களத்தின் மேல் நிற்கும் என்று முன்னாளே கூற இயலவில்லை என்று அவள் உண்மையை உரைத்தாள்.

இதனை என்னிடம் கூறியபோது, ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயரைப் பற்றியும் சொன்னாள். வானிலையைக் கணக்கிட்டே அறியலாம் என்று முயன்றவர் அவர். ஆறு மணி நேர மாற்றம் ஒன்றைத் தம் கையாலேயே பல கிழமைகள் கணக்கிட்டார். விடை முற்றிலும் பிழை. அப்பிழையை மறையாது, 1922இல் தம் நூலிலேயே வெளியிட்டார். இன்றைய கணிப்பொறிகள் அவர் வகுத்த வழியிலேயே செல்கின்றன.

பிறகு ஒருநாள் அவளை மருதையாற்றுக்கு அழைத்துச் சென்றேன். எந்தையார் அப்போது உயிருடன் இல்லை. அவர் சொல்லை அவளிடம் கூறினேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, மணலில் விரலால் எழுதினாள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை, 1 லிட்டர் நீர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர். "பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்வது இங்கே வந்து சேரச் சில நாழிகை ஆகும், ஐயா. நனைந்த கரிசல் மேலும் நீரை எளிதில் உள்வாங்காது. மேலே பெய்வதை அளந்தால், கீழே இருப்பவர்க்கு அந்தச் சில நாழிகை கிடைக்கும்" என்றாள்.

எங்கள் முற்றத்து அண்டாவையும் அவள் வந்து பார்த்தாள். "வாயின் அகலம் வேறு, வயிற்றின் அகலம் வேறு, கூரைநீரும் இதில் விழுகிறது. இது அளவாகாது" என்று கூறி, அதனை அகற்றி, திறந்த வெளியில் ஒரு மழைமானியை நிறுவிச் சென்றாள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு யான் அதனைப் பார்த்து எழுதி வருகிறேன். பெய்யாத நாளில் சுழியம் இடவேண்டும், வெற்றிடம் விடலாகாது என்பது அவள் கட்டளை. நேற்றிரவு நல்ல மழை. உறக்கம் வரவில்லை. இன்று காலை எழுதியது: 41.2.