பத்தாம் நம்பர் மலையும் கைக்கடிகார வரைபடமும்

டிசம்பர், உந்துவப் பூரணை

சிவனொளிபாத மலையின் யாத்திரைப் பருவம் உந்துவப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு நிறைவடைவதால், அதன் அடிவார ஊரான மஸ்கெலியாவின் ஆண்டு இந்த இரு பூரணைகளுக்கு இடையே ஒரு விதமாகவும் அவற்றுக்கு வெளியே வேறு விதமாகவும் நடக்கிறது. நல்லதண்ணியில் தொடங்கும் படிக்கட்டு, ஏறத்தாழ 1,000 மீற்றர் உயர்ந்து 2,243 மீற்றர் உயரமுள்ள உச்சியை அடைகிறது. பருவகாலத்தில் அப்பாதை முழுவதும் மின்விளக்கும் தேநீர்க் கடையும் முன்னும் பின்னும் மனிதக் குரலும் இருப்பதால், அங்கே எவருக்கும் வரைபடம் தேவைப்படுவதில்லை. ஆயினும் இன்று படியேறுவோரின் மணிக்கட்டுகளில் வரைபடம் காட்டும் கடிகாரங்கள் அரிதல்ல. அவை எதற்குப் பயன்படுகின்றன, எதற்குப் பயன்படுவதில்லை என்பதை இப்பருவம் முழுவதும் குறித்து வருவதே இக்குறிப்புகளின் நோக்கம்.

செய்மதிகளின் துணையால் இடமறியும் விளையாட்டுக் கடிகாரங்கள், தொடக்கத்தில் நடந்து வந்த வழியை வெற்றுத் திரையில் ஒரு கோடாக மட்டுமே வரைந்தன. அக்கோடு 'தடம்' எனப்படும். முன்கூட்டியே வகுத்துக் கடிகாரத்தில் ஏற்றிக்கொள்ளும் கோட்டைத் 'திட்டத்தடம்' எனலாம். 2015இல் கார்மின் நிறுவனத்தின் எபிக்ஸ், 2017இல் அதே நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் 5எக்ஸ் போன்றவை வந்த பிறகே, அக்கோட்டின் அடியில் ஆறும் காடும் சமவுயரக் கோடுகளும் கொண்ட முழு வரைபடம் இடம்பெற்றது. சமவுயரக் கோடு என்பது கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பது. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் சமநிலம்.

டிசம்பர் இறுதி, மூடுபனி

இன்று காலை மவுசாகலை நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரை முற்றாக மறைந்திருக்கிறது. ஆனால் மூடுபனி செய்மதிச் சமிக்ஞையைத் தடுப்பதில்லை என்பதால், கண் தோற்கும் இத்தகைய நாளில்தான் கடிகாரம் தன் பெறுமதியைக் காட்டுகிறது. பூமிக்கு ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை இடையறாது ஒலிபரப்ப, கைக்கடிகாரம் அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, குறைந்தது நான்கு செய்மதிகளின் தூரங்களிலிருந்து தன் இடத்தைத் தீர்மானிக்கிறது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில், ஜி.பி.எஸ். தொகுதியை நடத்தும் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே 2ஆம் திகதி நீக்கப்பட்டதனாலேயே, இக்கருவி நடைப்பயணிக்கு உதவும் அளவுக்குத் துல்லியம் பெற்றது.

மஸ்கெலியாவின் சிக்கல் பனியில் இல்லை, பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலைச்சுவர் வானத்தின் ஒரு பாதியை மறைப்பதால் கடிகாரத்துக்கு எட்டும் செய்மதிகள் குறைகின்றன. எட்டியவற்றின் சமிக்ஞையும் ஈரப் பாறையில் பட்டுத் தெறித்து நீண்ட வழியில் வந்துசேர்வதால், நிற்பவர் நின்ற இடத்தில் இருக்க, திரையிலுள்ள அம்புக்குறி பக்கத்துச் சரிவுக்கு நகர்ந்துவிடுகிறது. ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதித் தொகுதிகளையும் சேர்த்துக் கேட்பதும், இரண்டு மீடிறன்களில், அதாவது இரு வேறு அதிர்வெண்களில், ஒரே வேளையில் கேட்பதும் இப்பிழையைக் குறைக்கும். ஆனால் அதற்கு விலையாக மின்கலம் விரைவில் தீரும்.

ஜனவரி, பொங்கல் வாரம்

கடிகாரம் தன் இடத்தைத் தானே கண்டறிகிறது. வரைபடத்தையோ பிறரிடமிருந்து கடன் வாங்குகிறது. இந்த வேறுபாடு மறக்கப்படுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தோற்றுவிக்கப்பட்டது. சென்னைப் பரங்கிமலையருகே 1802இல் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து இந்தியப் பெரு முக்கோண அளவையைத் தொடங்குவதற்கும் முந்தியது அது. திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்ட இடவிளக்கப் படங்கள் 92 தாள்களில் நாடு முழுவதையும் அடக்குகின்றன. அப்படங்களின் ஆள்கூறுகள், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், கண்டவல என்னும் இடத்தை ஆதாரமாகக் கொண்டவை. கடிகாரமோ உலகம் முழுவதற்கும் பொதுவான வேறொரு ஆதாரத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே பழைய தாளில் படித்த ஆள்கூற்றை மாற்றம் செய்யாமல் கடிகாரத்தில் இட்டால், குறித்த இடம் ஏறத்தாழ 200 மீற்றர் தள்ளி விழும். மஸ்கெலியாவில் அது ஓர் ஓடைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வேறுபாடு.

பல கடிகாரங்களில் உள்ள பாதைக் கோடுகள், 2004இல் தொடங்கப்பட்டு உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. உயரத் தரவோ பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்கள் ரேடார் கொண்டு அளந்ததன் வழிவந்தது. அந்த ரேடார் அடர்ந்த காட்டின் தரை வரை ஊடுருவாமல் மரமுடிகளிடையே திரும்பியதால், இடுப்பளவு தேயிலை முடிந்து உயர்ந்த காடு தொடங்கும் எல்லையில், நிலத்தில் இல்லாத ஒரு மேடு வரைபடத்தில் தோன்றக்கூடும். தேயிலையும் காடும் அடுத்தடுத்து நிற்கும் மலையகத்தில் இது சிறிய செய்தி அல்ல.

பெப்ரவரி, நவம் பூரணை

வறட்சி தொடர்ந்து நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில், மவுசாகலையின் சேற்றிலிருந்து பழைய மஸ்கெலியா மேலெழுகிறது. மஸ்கெலியா ஓயாவின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1969இல் நிறைவுற்றபோது பழைய நகரம் நீரில் மூழ்க, மக்கள் மேட்டில் அமைந்த புதிய நகருக்கு இடம்பெயர்ந்தனர். மூழ்கியவற்றுள் வழிபாட்டுத் தலங்களும் இருந்தமையால், அவற்றின் எச்சங்கள் வெளிப்படும் நாட்களில் ஊரார் கரையில் திரள்வதுண்டு. கடிகார வரைபடம் இவ்விடத்தை எப்போதும் ஒரே நீல நிறத்தால் நிரப்புகிறது. நீர் இறங்கிய நாளில் பழைய தெருவில் நிற்பவரை அது நீரின் நடுவில் நிற்பவராகக் காட்டும். நீர் நிறைந்த நாளிலோ கரையோரத் தடத்தை, அது மூழ்கியிருப்பதை அறியாமலே, நடக்கத்தக்கதாகக் காட்டும். வரைபடம் ஒரு நாளின் கரையை எல்லா நாளுக்கும் உரியதாக்கிவிடுகிறது.

மார்ச், மெதின் பூரணை

தேயிலைத் தோட்டத்தில் 'மலை' என்னும் சொல் உச்சியைக் குறிப்பதன்று. இலக்கமிடப்பட்ட தேயிலைக் காணித்துண்டைக் குறிப்பது. காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளர் கூடி அன்றைய வேலையைப் பெறும் இடத்தில், கொழுந்து பறிப்பது எந்த மலையில், கவ்வாத்து (செடி கத்தரித்தல்) எந்த மலையில் என்பது இலக்கத்தாலேயே சொல்லப்படுகிறது. பத்தாம் நம்பர் மலை என்றால் போதும். அதன் கல், அதன் ஓடை, அங்கு ஏறும் குறுக்குப் பாதை, அங்கிருந்து எந்த லயத்துக்கு விரைவில் இறங்கலாம் என்பவை அனைத்தும் கேட்பவர் மனத்தில் ஒருங்கே விரியும். லயம் என்பது தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தோட்ட நிர்வாகம் வரிசையாகக் கட்டிய அறைகள்.

இந்த முகவரி முறை கடிகாரத்தில் இல்லை. அங்கே மொரே, கார்ட்மோர், பிரவுன்சுவிக் என்று தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கலாம்; மலையின் இலக்கமோ, கோயிலடியோ, கொழுந்து நிறுக்கும் இடமோ இருப்பது அரிது. வேறொரு முரணும் உண்டு: சரிவை அரிப்பிலிருந்து காக்கத் தேயிலை வரிசைகளுக்கு இடையே வெட்டப்பட்ட கான்கள், அதாவது நீர்வடி கால்வாய்கள், மிகச் சிறு சரிவுடன் ஏறத்தாழ ஒரே உயரத்தைத் தழுவியே செல்கின்றன. விண்ணோடம் அளந்து கணினி வரைந்த சமவுயரக் கோட்டைத் தோட்டத் தொழிலாளர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மண்ணில் வெட்டிவிட்டனர். வெட்டியவர்களின் சொல் மட்டும் படத்தில் ஏறவில்லை.

2023ஆம் ஆண்டு இந்த விடுபடலை இரு விதமாக நினைவூட்டியது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட, 22 கட்டங்கள் கொண்ட பீக்கோ நடைபாதை அவ்வாண்டு திறக்கப்பட்டது. தேயிலை வகையொன்றின் பெயரைத் தாங்கிய அப்பாதை, தோட்டக் காலத்து வழிகளை இணைத்து, மஸ்கெலியாவுக்கு அண்மையில் கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை வழியே செல்கிறது. அதனை நடப்போரில் பலர் திட்டத்தடத்தைக் கடிகாரத்தில் ஏற்றிக்கொண்டு வருகின்றனர். அதே ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த வழியை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களின் நெடுநடை நிகழ்ந்தது. முன்னையது நிலத்தைப் பார்ப்பதற்கான நடை. பின்னையது நிலத்தில் தமக்குரிய இடத்தைக் கேட்பதற்கான நடை. இவ்விரண்டும் ஒரே மலைநாட்டைப் பற்றியவை என்பதை அறியாதவருக்கு, திரையில் மெல்லிய கோடாகத் தெரியும் 'பாதை' பல இடங்களில் ஒரு லயத்தின் வாசல் என்பதும், அங்கே வணக்கம் சொல்லி வழிகேட்டுக் கடப்பதே முறை என்பதும் விளங்குவது கடினம்.

ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டை அடுத்து

இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்நாட்களில் காலை தெளிந்து, பிற்பகலில் இடியுடன் மழை இறங்குகிறது. கடிகாரம் உயரத்தை அறியச் செய்மதியைவிடத் தன்னுள் உள்ள அமுக்கமானியையே பெரிதும் நம்புகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறைவதே அதன் அடிப்படை. இந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அமுக்கம் குறைந்தால், 9 முதல் 10 மீற்றர் ஏறிவிட்டதாகக் கருவி கருதும். வெப்பமண்டலத்தில் அமுக்கம் முற்பகல் பத்து மணியளவில் உயர்ந்து பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்வது அன்றாட இயல்பாதலால், அசையாமல் மேசைமீது கிடக்கும் கடிகாரமும் மாலைக்குள் இருபது, முப்பது மீற்றர் மலையேறியிருக்கும். உயரம் அறிந்த இடத்தில் அதனைத் திருத்திக்கொள்வதே தீர்வு.

தூரத்தைக் கொண்டு இடும் நேரக் கணக்கும் இவ்வாறே எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி, ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணிநேரமும் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணிநேரமும் கூட்டச் சொல்கிறது. நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஐந்து கிலோமீற்றரளவு தூரமும் 1,000 மீற்றர் ஏற்றமும் எனக் கொண்டால், கணக்கு மூன்று மணிநேரத்தை நெருங்குகிறது. தூரத்தை மட்டும் பார்த்து ஒரு மணிநேரம் என எண்ணிப் புறப்பட்டவர் பாதிவழியில் இருட்டைச் சந்திப்பார். மழையில் தொடுதிரை துளியையும் விரலையும் பிரித்தறியாதென்பதால் பொத்தான் உள்ள கடிகாரமே இங்கு ஏற்றது. வரைபடத்தைப் புறப்படுமுன் தரவிறக்கிக் கொள்வதும், அதே பகுதியின் தாள்படம் ஒன்றை உறையிலிட்டு எடுத்துச் செல்வதும் அவசியம்.

மே, வெசாக் பூரணை

பருவம் முடிகிறது. தென்மேல் பருவக்காற்று இச்சரிவுகளை வந்தடையும் முன், பாதையின் கடைகள் கழற்றப்பட்டு விளக்குகள் அணைகின்றன. டிசம்பரில் ஆடம்பரமாக இருந்த கடிகார வரைபடம் இப்போதுதான் தேவையாகிறது. ஆனால் அதன் குறை பெரிதாவதும் இதே காலத்தில்தான். மழை ஊறிய சரிவு ஓரிரவில் வழியை விழுங்கிவிட, படத்தில் கோடு அப்படியே நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டபின் திரையைப் பார்ப்பதே ஒழுங்கு. மலையைச் சூழ்ந்த காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு நிலத்தைச் சேர்ந்தது என்பதும், ஒரு கோடு வரையப்பட்டிருப்பது நடக்க அனுமதி உண்டென்பதற்குச் சான்றாகாது என்பதும் உடன் நினைக்கத்தக்கவை.

14ஆம் நூற்றாண்டில் இம்மலையில் ஏறிய பயணி இப்னு பதூதா, இரண்டு வழிகளை 'பாபா', 'மாமா' என்னும் பெயர்களால் குறித்து, பின்னது எளிது, முன்னது கடிது என எழுதிவைத்தார். அவரிடம் ஆள்கூறு இல்லை; ஆனால் வழியில் கேட்ட பெயரை எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது, அதனால் அவ்வழிகள் இன்றும் அறியப்படுகின்றன. இன்றைய கடிகாரத்தில் ஆள்கூறு மீற்றர் கணக்கில் இருக்க, பெயர் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயர் இடுவதற்குத் தனிப் புலம் உண்டு. அதனை நிரப்பக் கட்டணமோ பதவியோ தேவையில்லை. தோட்டப் பாடசாலைகளின் புவியியல் வகுப்புகள், ஊரின் மூத்த கொழுந்து பறிப்போரிடம் கேட்டு, மலைகளின் இலக்கங்களையும் குறுக்குப் பாதைகளையும் கோயிலடிகளையும் அடுத்த உந்துவப் பூரணைக்குள் அதில் எழுதத் தொடங்கட்டும்.